மகிழ்ச்சிக்கு அளவுகோல் உண்டோ?

கடல் கடந்து வந்து தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் பாடுபட்ட நம்மவர் தம் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எவ்வாறு தொடங்கியிருக்கும் என்பதை நாம் எளிதில் உய்த்துணரலாம். அக்காலக் கடித மரபு ஒன்றே. இவ்விடத்தில் எல்லாரும் நலம், அவ்விடத்து நலமறிய ஆவல் என்பதே முதல் வரி. காய்ச்சலில் படுத்தவரும் அவ்வாறே எழுதினர். கடன்பட்டுக் கலங்கியவரும் அவ்வாறே எழுதினர். கடிதத்தைப் படித்துக் கேட்ட தாய் அந்த வரியை நம்பினாளா? அவள் அதனை நம்பிவிடவில்லை. அனுப்பிய பணத்தின் அளவையும் எழுத்தின் நீளத்தையும் கொண்டு மகனின் உண்மை நிலையைக் கணித்தாள்.

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைச் சான்றாகக் கொள்ளலாமா, அன்றிப் புறத்தே தெரியும் அடையாளங்களைத்தான் கொள்ள வேண்டுமா? அந்தத் தாய் எதிர்கொண்ட இக்கேள்வியே மனித மகிழ்ச்சியை அளக்க முயன்ற அறிஞர்களை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்து வருகின்றது. அம்முயற்சியின் வரலாற்றைச் சிங்கப்பூரில் நின்று நோக்கி, அதில் தமிழுக்கும் தமிழாசிரியருக்கும் உள்ள பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துன்பத்தை எண்ணிய காலம்

தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனம் 1864ஆம் ஆண்டு தோன்றியது. 1905இல் அரசாங்கம் அதனைத் தன்வசப்படுத்தியது. 1913இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாயிற்று. அத்துறைமுகத்தை ஒட்டித் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்தன. கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தனியாட்களாக மட்டுமன்றிக் குடும்பத்தோடும் அங்கு வாழ்ந்தனர். அவர்களுடைய முயற்சியால் 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1982இல் மூடப்படும்வரை தமிழ்வழிக் கல்வியின் விளக்காகத் திகழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இந்நகர மக்களின் வாழ்க்கை நிலையை முறையாக அறிய வேண்டும் என்னும் எண்ணம் அரசாங்கத்துக்கு எழுந்தது. சமூக நலத்துறை 1947இல் நகராட்சி எல்லைக்குள் ஒரு சமூக ஆய்வை நடத்திற்று. அடுத்து 1953-54இல் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. அதனை நடத்தி அறிக்கை எழுதியவர், பின்னாளில் சிங்கப்பூரின் நிதியமைச்சராக விளங்கிய கோ கெங் சுவீ. நகர வருமானமும் வீட்டு வசதியும் பற்றிய அவ்வறிக்கை 1956இல் வெளிவந்தது.

அவர் எதனை அளந்தார்? ஒரு குடும்பம் உண்ணவும் உடுக்கவும் உறையவும் குறைந்த அளவில் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிட்டு ஒரு கோடு வகுத்தார். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899இல் ரவுன்ட்ரீ என்பார் செய்து காட்டிய வழி அது. அக்கோட்டுக்குக் கீழே ஆய்வுக்குட்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், ஆட்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கும் இருக்கக் கண்டார். ஆட்களின் பங்கு மிகுந்திருப்பதன் காரணம் வெளிப்படை. பிள்ளைகள் நிறைந்த வீடுகளிலேதான் வறுமை குடிகொண்டிருந்தது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஆய்வின் அடிப்படை, மகிழ்ச்சி பற்றிய வினாவன்று. வருமானம், வாடகை, தலைக்கு எத்தனை இடம் என்பவையே. துன்பத்தின் காரணங்களைக் களைந்தால் இன்பம் தானே வரும் என்பது அக்காலத்தார் கொள்கை. பசித்திருப்பவனிடம் மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று வினவுவது அறிவுடைமையாகாது என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

மேல்நாட்டார் தேடிய கோல்

ஆயினும், இன்பத்தையே நேராக அளக்கும் ஆசை மேல்நாட்டில் முன்னரே தோன்றியிருந்தது. ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில், இன்பத்தின் அளவை அறிய ஏழு கூறுகளை வகுத்தார். அது எத்துணை வலியது, எவ்வளவு நேரம் நிற்பது, எத்துணை உறுதியாக வருவது, எத்தனை பேருக்குப் பயன்படுவது என்பன அவற்றுட் சில. கூறுகளை வகுத்தாரேயன்றிக் கோலை அவர் காட்டவில்லை.

1881இல் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலறிஞர் ஒரு கருவியைக் கற்பனை செய்தார். வெப்பமானி உடற்சூட்டைக் காட்டுவதுபோல, ஒருவர் உள்ளத்தில் இன்பம் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதைக் காட்டும் கருவி அது. நாம் அதனை 'இன்பமானி' எனலாம். அக்கருவி கற்பனையாகவே நின்றுவிட்டது. உள்ளத்தைப் புறத்தேயிருந்து காண இயலாதென்றால், உள்ளம் உடையவரையே கேட்பதன்றி வேறு வழியில்லை.

அவ்வழியில் பெரிய அடி எடுத்து வைத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் ஹாட்லி கான்ட்ரில். அவர் ஓர் ஏணியைப் படமாக வரைந்து மக்கள்முன் நீட்டினார். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை ஏணியின் உச்சி. மிக மோசமான வாழ்க்கை அதன் அடி. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதுவே அவருடைய வினா. அடிக்குச் சுழியும் உச்சிக்குப் பத்தும் மதிப்பு. இதன் நுட்பம் யாதெனின், எது சிறந்த வாழ்க்கை என்பதை ஆய்வாளர் சொல்வதில்லை. விடை கூறுபவரே முடிவு செய்துகொள்கிறார். உழவர்க்கு அது ஒரு காணி நிலமாகலாம். எழுத்தர்க்கு அது மகனின் பட்டமாகலாம்.

பல நாடுகளில் இவ்வேணியைக் கொண்டு அவர் நடத்திய ஆய்வு 1965இல் நூலாயிற்று. இந்தியாவின் சராசரி 3.7, அமெரிக்காவினது 6.6. செல்வத்தின் வழியே மகிழ்ச்சி செல்கிறது என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? எகிப்தின் சராசரி 5.5, அதனினும் செல்வம் மிக்க மேற்கு ஜெர்மனியின் சராசரி 5.3. இக்கணக்குகளை 1974இல் எடுத்தாண்ட ரிச்சர்ட் ஈஸ்டர்லின், ஒரு நாட்டிற்குள் செல்வர் வறியரினும் மகிழ்ச்சியாக இருப்பினும், நாடு முழுவதும் செல்வம் பெருகும்போது மக்கள் மகிழ்ச்சி அதற்கேற்பப் பெருகவில்லை என்று வாதிட்டார். 2008இல் ஸ்டீவன்சன், வோல்ஃபர்ஸ் என்னும் இருவர் மேலும் பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்து அதனை மறுத்தனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

பற்றுறுதியில் ஒரு சொல்

1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. மறு ஆண்டில் மாணவர்கள் நாள்தோறும் சொல்லும் தேசியப் பற்றுறுதி உருவாயிற்று. அதற்கு இறுதி வடிவம் தந்தவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராஜரத்தினம். இன்பம் சார்ந்த சொல்லொன்று அதில் வளத்திற்கும் முன்னேற்றத்திற்கும் முன்னே நிற்கிறது. தமிழ் வடிவில் அச்சொல் 'மகிழ்ச்சி' என்பது. ஒரு சிறு நாடு தன் குறிக்கோள்களில் மகிழ்ச்சியை முதலிற் சொல்லிவிட்டது. அதனை அடைந்தோமா என்று கேட்கும் கடமையும் அன்றே பிறந்துவிட்டது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1968 முதல் அடுக்குமாடிவாசிகளிடம் மாதிரி ஆய்வுகளை நடத்தி வருகிறது. வீடு மனத்திற்கு நிறைவளிக்கிறதா, சுற்றுப்புறம் பிடித்திருக்கிறதா என்னும் கேள்விகள் அவற்றில் இடம்பெற்றன. சமூகவியலறிஞர் ரியாஸ் ஹசன் 1977இல் வெளியிட்ட நூலில், வருமானம் குறைந்த குடும்பங்கள் அடுக்குமாடி வாழ்க்கையில் பட்ட இடர்களை ஆராய்ந்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வாழ்க்கைத் தரம், விழுமியங்கள், மகிழ்ச்சி ஆகியவற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குடிமக்களிடம் வினவி வந்துள்ளனர். 2011ஆம் ஆண்டு ஆய்வில் 1,500 குடிமக்கள் விடையளித்தனர். இவ்வாறு, தலைக்கு எத்தனை இடம் என்று கேட்ட நகரம், உள்ளத்திற்கு எத்துணை நிறைவு என்று கேட்கத் தொடங்கிற்று.

2012இல் எழுந்த வியப்பு

2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி நாட்டையே வியக்க வைத்தது. காலப் என்னும் அமெரிக்க நிறுவனம் உலக நாடுகளில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நேற்றைய நாளைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்டது. நன்றாக ஓய்வெடுத்தீர்களா? பிறர் உங்களை மரியாதையோடு நடத்தினரா? மிகுதியாகச் சிரித்தீர்களா அல்லது புன்னகைத்தீர்களா? சுவையான ஒன்றைக் கற்றீர்களா அல்லது செய்தீர்களா? இன்பமாகப் பொழுது கழிந்ததா? 2011இல் 148 நாடுகளில் எடுத்த கணக்கில் சிங்கப்பூர் கடைசியில் நின்றது. ஆம் என்ற விடைகளின் சராசரி 46 விழுக்காடு. பனாமாவும் பராகுவேயும் 85 விழுக்காட்டோடு முதலில் நின்றன. உலகிலேயே உணர்ச்சி குறைந்த மக்கள் சிங்கப்பூரர் என்றும் அந்நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது.

செல்வம் மிக்க நாடு சிரிக்க மறந்துவிட்டது என்று பலரும் பேசினர். ஆனால் அடுத்த கணக்கு அப்பேச்சைத் தலைகீழாக்கியது. 2012இல் எடுத்த அளவில் சிங்கப்பூரின் எண் 70 விழுக்காடு. ஓராண்டில் 24 புள்ளிகள் உயர்வு! போர் முடிந்து அமைதி மீண்டதுமில்லை. பஞ்சம் தீர்ந்து வளம் பிறந்ததுமில்லை. மக்கள் உள்ளம் ஓராண்டில் இத்துணை மாறியிருக்கும் என்று நம்புவது அரிது.

இதனினும் வியப்பானது வேறொன்று. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே நிறுவனம் கான்ட்ரிலின் ஏணியை வைத்துக் கேட்ட விடைகளைக் கொண்டு உலக மகிழ்ச்சி அறிக்கை தொகுக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த அவ்வறிக்கையில் 156 நாடுகளுள் சிங்கப்பூருக்கு 30ஆம் இடம். நேற்றைய உணர்ச்சியைக் கேட்டால் கடைசி இடம். வாழ்க்கையை மொத்தமாக மதிப்பிடச் சொன்னால் மேல்வரிசை. 2024ஆம் ஆண்டு அறிக்கையிலும் அதே 30ஆம் இடம். 2025இல் 34ஆம் இடம்.

இரண்டும் மகிழ்ச்சி என்னும் ஒரே பெயரால் செய்தித்தாள்களில் வழங்குகின்றன. ஆனால் அவை ஒன்றல்ல. 2010இல் கானமன், டீட்டன் என்னும் அறிஞர் இருவரும் அமெரிக்காவில் இவ்வேறுபாட்டைக் காட்டினர். வருமானம் ஏற ஏற ஏணியின் படி ஏறியது. ஆனால் அன்றாட உணர்ச்சி ஓர் அளவுக்குமேல் ஏறாமல் நின்றது. பின்வந்த ஆய்வுகள், பெரும்பாலோர்க்கு உணர்ச்சியும் மேலும் ஏறுகிறது என்று இம்முடிவைத் திருத்தின. எனினும் ஏணி வேறு, நேற்றைய நாள் வேறு என்னும் பகுப்பு நிலைத்துவிட்டது. அரசியல் பற்றிய கேள்விகளை முதலிற் கேட்டுவிட்டுப் பின்னர் ஏணியைக் காட்டினால் விடை கணிசமாகத் தாழ்வதையும் டீட்டன் 2012இல் எடுத்துக்காட்டினார். கேள்வி மட்டுமன்று, கேள்வியின் இடமும் விடையை மாற்றும் என்பது பெறப்படும்.

தொல்காப்பியர் காட்டும் வேறுபாடு

இவ்விடத்தில் தமிழ் கற்றோர்க்குத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் இராது. உள்ளத்து நிகழ்ச்சி காண்போர்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. ஆசிரியர் எண்வகை மெய்ப்பாடு கூறுமிடத்து நகையை ஒன்றாகவும் உவகையை வேறொன்றாகவும் வைத்தார். நகைக்கு நிலைக்களன்களாக அவர் கூறுவன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. உவகைக்குக் கூறுவனவோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. புலன் என்பதனை அறிவுடைமை என உரையாசிரியர் விளக்குவர்.

இவ்விரு பட்டியலிலும் பொதுவான சொல் ஒன்றேனும் இல்லை. சிரிப்பவரெல்லாம் மகிழ்பவர் அல்லர். பிறரை எள்ளியும் சிரிக்கலாம், பேதைமையாலும் சிரிக்கலாம். நேற்று மிகுதியாகச் சிரித்தீர்களா என்னும் கேள்வி நகையைக் கேட்கிறது. அதனை உவகையின் கணக்கில் எழுதுவது ஆராயத்தக்கது. இன்றைய உளவியலைத் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்று நாம் தற்பெருமை பேச வேண்டுவதில்லை. அவர் வகுத்தது செய்யுளுக்குரிய இலக்கணம், மக்கள்தொகைக்குரிய கணக்கன்று. ஆனால், வெவ்வேறானவற்றுக்கு வெவ்வேறு பெயரிட வேண்டும் என்னும் ஒழுங்கு அவரிடம் இருக்கிறது. அவ்வொழுங்கே இன்றைய அளவுகளுக்கும் வேண்டப்படுவது.

எந்தச் சொல்லால் கேட்பது?

நான்கு மொழி வழங்கும் சிங்கப்பூரில் இது ஏட்டுச் சிக்கல் அன்று. ஆங்கிலத்தில் அமைத்த வினாவை ஒரு தமிழ் முதியவரிடம் கேட்க வேண்டுமானால் தமிழில்தான் கேட்க வேண்டும். அப்போது எந்தச் சொல்லைத் தேர்வது?

'மகிழ்ச்சி' பொதுச்சொல், பற்றுறுதியின் சொல். சங்க இலக்கியத்தில் மகிழ் என்பது கள்ளையும் கள்ளுண்ட களிப்பையும் குறித்தது. இன்றும் அச்சொல்லில் பொங்கி எழும் உணர்ச்சியின் சாயல் உண்டு. திருமண வீட்டிற்குப் பொருந்தும், எண்பது வயதுக் கிழவரின் மாலைப் பொழுதுக்கு அத்துணைப் பொருந்தாது. 'இன்பம்' அறம், பொருளோடு சேர்த்து எண்ணப்படும் பெருஞ்சொல். ஆனால் பேச்சில் அதற்குக் காதற்பொருள் வந்துவிட்டது. 'மனநிறைவு' ஏணிக்கு நெருங்கிய சொல். படித்தோர் நாவில் வழங்குவது. தெருவில் வாழும் சொல்லோ 'நிம்மதி'. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச்சொற்கள் உண்டு. கடன் இல்லை, பிள்ளைகள் நிலைபெற்றுவிட்டனர், உடம்பில் பெரிய நோய் இல்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லுங்கால், அவர் சிரித்ததையோ பொழுதுபோக்கியதையோ சொல்லவில்லை. அல்லல் நீங்கியதைச் சொல்கிறார்.

ஒரே மூதாட்டி, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்றால், என்ன மகிழ்ச்சி இந்த வயதில் என்று கையை விரிக்கக்கூடும். நிம்மதியாக இருக்கிறீர்களா என்றால், கடவுள் புண்ணியத்தில் குறையில்லை எனக்கூடும். முதல் விடையை எழுதினால் அவர் துன்பத்தில் இருப்பவர். இரண்டாவதை எழுதினால் நலமாக இருப்பவர். மூதாட்டி மாறவில்லை, சொல் மாறிற்று. மாதிரி ஆய்வில் தமிழர் தொகை சிறிது. ஒரு சொல்லின் பிழை அச்சிறு தொகை முழுவதையும் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். அவ்வெண்ணைக் கொண்டு நம் முதியோர்க்கும் இளையோர்க்கும் வேண்டியவை எவை என்று பின்னர் முடிவு செய்யப்படுமாயின், இழப்பு சொல்லுக்கன்று, மக்களுக்கு.

கேட்கப்படாதவர் நிலையும் உண்டு. குடிமக்களிடம் நடத்தும் ஆய்வு குடிமக்களைப் பற்றியே சொல்லும். அது அதன் எல்லை. கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பணி அனுமதியில் உழைக்கும் தமிழகத்து இளைஞர் அக்கணக்கில் வாரார். 2018ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கை குடிபெயர்ந்தோரைத் தனியே ஆராய்ந்து, அவர்தம் ஏணிப்படி அவர்கள் சென்று வாழும் நாட்டு மக்களின் படியை ஏறக்குறைய ஒத்திருக்கிறது என்று கூறிற்று. அது நாடுகளின் பொதுச் சராசரி. விடுதியில் தங்கி, உழைப்பின் ஊதியத்தை ஊருக்கு அனுப்பும் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவரை அவர் மொழியில் கேட்டாலன்றி அறிய இயலாது.

ஆசிரியர் செய்யக்கூடியது

இதனால் மகிழ்ச்சியை அளப்பதே வீண் என்று கொள்ளல் ஆகாது. 1953-54இல் வறுமையை எண்ணியிராவிடில் அதன் பரப்பை உறுதியாக உணர்ந்திருக்க மாட்டார்கள். அளவு தவறலாம், அளக்காமல் இருப்பது அதனினும் பெருந்தவறு. நாம் செய்யத்தக்கது, எண்ணைக் கண்டதும் பெருமிதமோ நாணமோ கொள்ளாமல், இஃது எந்தக் கேள்விக்கு விடை, யாரிடம் கேட்டது, எம்மொழியில் கேட்டது என்று வினவுவதாகும்.

தமிழாசிரியர் இதனை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். மாணவரைத் தம் தாத்தா பாட்டியரிடம் அனுப்பி, ஒரு வாரம் 'மகிழ்ச்சி' என்னும் சொல்லாலும், மறுவாரம் 'நிம்மதி' என்னும் சொல்லாலும், அதற்கடுத்த வாரம் ஏணிப் படத்தாலும் கேட்கச் செய்யுங்கள். விடைகளை அருகருகே எழுதிப் பார்த்தால், சொற்பொருள் நுட்பம் இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று என்பதை அப்பிள்ளைகள் தாமே உணர்வர். ஆய்வு நடத்துவோர் தமிழ் வினாத்தாளை அமைக்குங்கால், அகராதியை மட்டும் நம்பாமல் இத்தகைய ஆசிரியர்களையும் கலந்துகொள்வது நன்று.

நலம் என்று எழுதிய மகனின் கடிதத்தைத் தாய் பொய்யென்று கிழித்துவிடவில்லை, வரிகளுக்கிடையே படித்தாள். நாட்டின் மகிழ்ச்சிக் கணக்கையும் நாம் அவ்வாறே படித்தல் வேண்டும்.